தூங்கி விழும் கோழி

போன பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரவு ஷிப்ட் முடிந்து வந்து படுத்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை, அம்மா போன் பண்ணினாள்.

“ரெண்டு கோழி தூங்கி விழுதுடி. நேத்து ஒண்ணு செத்துப் போச்சு. இதுக சாயந்தரம் வரைக்கும் தாங்காது போல. அறுத்துரவா?”

செக்கானூரணிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கழுத்தைத் தொங்கப்போட்டு, இரை எடுக்காமல் மூலையில் போய் நின்றால் ‘தூங்கி விழுது’ என்போம். செத்த கோழியை எங்கள் ஊரில் யாரும் தின்ன மாட்டார்கள். சாகப் போகிற கோழியைத் தின்பார்கள். உயிர் போவதற்குள் கத்தி வைத்துவிட்டால் கறி, போய்விட்டால் குப்பை. அறுநூறு ரூபாய்க்கு விலை போகிற பெட்டையைக் குப்பையில் போட எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்? என் அப்பத்தாவும் அப்படித்தான் செய்தாள், அம்மாவும் அப்படித்தான் செய்கிறாள். அந்தக் குழம்பைத் தின்றுதான் நானும் வளர்ந்தேன்.

“தொடாதம்மா. நான் வர்றேன்” என்று சொல்லிவிட்டுக் காளவாசலில் பஸ் ஏறினேன். நான் போய்ச் சேர்வதற்குள் ஒன்றை அறுத்துவிட்டாள்.

கொல்லையில் அவள் உட்கார்ந்திருந்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. வெந்நீரில் முக்கிய கோழி மடியை ஒட்டிக் கிடக்கிறது. கை ஒரே சீராக இறகைப் பிடுங்குகிறது. பெரிய இறகெல்லாம் ஈரமாக விழுந்துவிடும். அடியில் இருக்கிற பஞ்சு மாதிரி மென்னிறகு மட்டும் காற்றில் எழும்பும். காலை வெயில் சாய்வாக விழுந்த இடத்தில் அது தூசியாக மிதப்பது தெரிந்தது. அம்மா குனிந்து, முகத்தை ஒரு சாண் தூரத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்கிறாள். மூக்கில் ஒட்டியதைப் புறங்கையால் துடைத்துக்கொள்கிறாள். பக்கத்தில் என் அண்ணன் மகள், ஒன்பது வயது, வால் இறகுகளைப் பொறுக்கி நீளவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். இதற்கப்புறம் ஓலைத் தீயில் வாட்டி, மஞ்சள் தடவி, வயிற்றைக் கீறிக் குடலை உருவ வேண்டும். எல்லாம் அதே கை, அதே முகம், அதே ஒரு சாண் தூரம்.

நான் மதுரையில் ஒரு மருத்துவமனையின் ஐ.சி.யூ.வில் பதினான்கு வருடமாக நர்ஸாக இருக்கிறேன். அந்தக் கொல்லையில் எனக்கு வந்த பயம் குழம்பைப் பற்றியது இல்லை. குழம்பு கொதிக்கும். 70 டிகிரிக்கு மேல் முழுசாக வெந்தால் எந்தப் பறவைக் காய்ச்சல் வைரஸும் மிஞ்சாது. ஒவ்வொரு முறை பறவைக் காய்ச்சல் செய்தி வரும்போதும் ஊரே கறிக்கடையையும் முட்டையையும் பார்த்துப் பயப்படுகிறது, நாமக்கல் முட்டை விலை சரிகிறது. தட்டில் வெந்து வந்ததில் ஆபத்து இல்லை. அதற்கு முன்னால் கொல்லையில் நடக்கிறதே, அங்கேதான் ஆபத்து. அறுப்பது, இறகு பிடுங்குவது, குடலை எடுப்பது. நம் ஊரில் இந்த வேலையெல்லாம் பெண்கள் தலையில்தான். பக்கத்தில் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள்.

2006-இல் அசர்பைஜானில் செத்துக் கிடந்த அன்னங்களின் இறகைப் பிடுங்கப் போன கிராமத்துப் பிள்ளைகளுக்கு எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வந்தது. அங்கே தலையணைக்கு இறகு சேர்ப்பது வழக்கம். பாதிக்கப்பட்டவர்களில் பாதிக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலும் இளம் பெண்கள். இறகு பிடுங்கியதில்தான் நோய் வந்திருக்கும் என்று கருதுகிறார்கள்.

சரி, எங்கள் கோழிக்கு என்ன வந்தது? கால்நடை மருந்தகத்தில் இருந்து டாக்டர் வந்து பார்த்தார். பச்சையும் வெள்ளையுமாக எச்சம், வாயில் கோழை, ஒன்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொண்டிருந்தது. கழிச்சலாக இருக்கும் என்று சொல்லி மாதிரி எடுத்து அனுப்பினார். கழிச்சல் என்றுதான் வந்தது. உத்தரகாண்டில் இருக்கிற ராணிகேத் என்ற மலை ஊரின் பெயரில் புத்தகங்களில் இருக்கிற அதே நோய். இந்த வைரஸ் மனிதருக்கு வந்தால் பெரும்பாலும் கண் சிவக்கும், சில நாளில் சரியாகிவிடும், அவ்வளவுதான். ஆனால் கோழியை வெளியில் இருந்து பார்த்தால் கழிச்சலா பறவைக் காய்ச்சலா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கொண்டையும் தாடியும் நீலம் பாரிப்பது, காலில் ரத்தக் கட்டு, ஒரே ராத்திரியில் பஞ்சாரத்தோடு மொத்தமும் சாவது எல்லாம் பறவைக் காய்ச்சல் பக்கம் சாய்கிற அடையாளங்கள். உறுதி செய்ய மாதிரி போபாலில் இருக்கிற உயர் பாதுகாப்பு ஆய்வகத்துக்குப் போக வேண்டும். கண்ணால் பார்த்து “இது சும்மா கோழிச் சீக்கு” என்று சொல்கிற அனுபவம் நம் கிழவிகளுக்கு உண்டு. எத்தனையோ விஷயத்தில் அந்த அனுபவத்தை நான் நம்புகிறேன். இதில் மட்டும் நம்ப முடியாது.

அன்றைக்கு மத்தியானம் அம்மா கேட்டாள்: “அம்புட்டுப் பெரிய சீக்குன்னா ஊருல பாதிப் பேரு போயிருக்கணுமேடி? இத்தன வருசமா அறுத்துக்கிட்டுத்தான இருக்கோம்?”

நியாயமான கேள்வி. உலகம் முழுக்கவே அந்தக் கணக்கு விசித்திரமாகத்தான் இருக்கிறது. 2003 முதல் உலக சுகாதார நிறுவனத்துக்கு வந்த எச்5என்1 மனிதத் தொற்றுகள் ஏறக்குறைய 1,000. அத்தனை வருடத்தில், அத்தனை கோடிக் கோழிகள் செத்த பிறகும், அவ்வளவுதான். அதில் ஏறக்குறைய பாதிப் பேர் இறந்துவிட்டார்கள். லேசாக வந்து போன பல பேர் கணக்கில் வராமல் இருந்திருக்கலாம், அதனால் உண்மையான விகிதம் குறைவாக இருக்கும். இருந்தாலும், ஒரு நோய் ஏன் இவ்வளவு அபூர்வமாக வருகிறது, வந்தால் ஏன் இவ்வளவு மோசமாக வருகிறது? இந்த இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றேதான். அதைப் புரிந்துகொண்ட அன்றிலிருந்து இந்த நோயை நான் பார்க்கிற விதமே மாறிவிட்டது.

ஆட்டுக்குக் குழை பறிக்கத் தொரட்டி வைத்திருப்போம் அல்லவா, அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளூ வைரஸின் மேல் எச் என்று ஒரு புரதம் இருக்கிறது. அதன் நுனிதான் தொரட்டிக் கொக்கி. நம் உடம்பின் செல்களுக்கு வெளியே சர்க்கரைச் சங்கிலிகள் கிளை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் சியாலிக் அமிலம் என்று ஒரு பொருள். கொக்கி அதில் மாட்டினால்தான் வைரஸ் செல்லுக்குள் நுழைய முடியும். அந்த நுனி இரண்டு விதமாக ஒட்டியிருக்கும். கோழி, வாத்துகளின் குடலிலும் மூச்சுக்குழாயிலும் பெரும்பாலும் நேராக நீட்டிய மாதிரி ஒட்டியது. மனிதரின் மூக்கிலும் தொண்டையிலும் பெரும்பாலும் வளைந்து திரும்பிய மாதிரி ஒட்டியது. பறவை வைரஸின் கொக்கி நேரான கிளைக்கென்று அமைந்தது. அதனால் நம் மூக்கில் வந்து விழுந்தாலும் மாட்ட இடம் கிடைக்காமல் சளியோடு வெளியே போய்விடுகிறது. ஊரில் பாதிப் பேர் போகாததற்குக் காரணம் இது.

ஆனால் நேரான கிளை நம் உடம்பில் இல்லாமல் இல்லை. 2006-இல் வைரஸ் ஆய்வாளர் யோஷிஹிரோ கவாவோகாவின் குழு நேச்சர் என்ற அறிவியல் இதழில் அது எங்கே இருக்கிறது என்று காட்டியது. நுரையீரலின் ஆக அடியில், மூச்சுக்குழாய் முடிந்து காற்றுப் பைகள் தொடங்குகிற இடத்தில். அதனால் இந்த வைரஸ் நமக்குள் குடியேற வேண்டுமென்றால் மேலே உள்ள காவலையெல்லாம் தாண்டி அடிவரைக்கும் போக வேண்டும். அதற்கு வைரஸ் நிறைய வேண்டும், மிக நுண்ணிய துகளில் ஏறி வர வேண்டும், பக்கத்தில் இருந்து இழுத்த மூச்சாக இருக்க வேண்டும். கொல்லையில் வெயிலில் மிதந்த அந்தத் தூசியை நினைத்துப் பாருங்கள்.

சாதாரண ஃப்ளூ மேலே தொடங்கும். மூக்கு ஒழுகும், தொண்டை கரகரக்கும், உடம்பு எச்சரிக்கையாகிவிடும். பெரும்பாலும் அங்கேயே சண்டை முடிந்துவிடும். பறவைக் காய்ச்சல் தொடங்குகிற இடமே அடி நுரையீரல். தும்மல், ஒழுகல் என்று பெரிதாக எதுவும் இல்லாமல் மூன்று நாலு நாள் காய்ச்சல், அப்புறம் நேராக மூச்சுத் திணறல். மேலே வைரஸ் அதிகம் இல்லாததால் இருமினாலும் அடுத்தவருக்கு எளிதில் போவதில்லை. ஊருக்கு நல்லது, அந்த நோயாளிக்குக் கொடுமை.

அந்த அடியில் இருக்கிற இடம் எப்படிப்பட்டது என்று ஐ.சி.யூ.வில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும். 30 கோடிக்கும் மேற்பட்ட காற்றுப் பைகள். காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே இருக்கிற சுவர் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிட மெலிசு. பைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க உள்ளே சோப்புத் தண்ணீர் மாதிரி ஒரு பூச்சு உண்டு. அதைச் சுரக்கிற செல்களைத்தான் பறவை வைரஸ் முக்கியமாகப் பிடிக்கிறது. பூச்சு குறைந்தால் நனைந்த பாலித்தீன் பை மாதிரி பைகள் ஒட்டிக்கொள்ளும். சுவர் கிழிந்தால் ரத்தத்தின் நீர் உள்ளே கசியும். தண்ணீருக்குள் முங்காமலே ஒரு மனிதர் மூழ்குவார்.

பறவைக் காய்ச்சல் நோயாளியை நான் பார்த்ததில்லை. ஆனால் இதே மாதிரி நுரையீரல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் பன்றிக் காய்ச்சலில் ஒரு இளைஞர் வந்தார், கட்டுமான வேலை பார்ப்பவர், திடகாத்திரமான உடம்பு. எக்ஸ்ரேயில் கறுப்பாக இருக்க வேண்டிய நுரையீரல் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளையாக இருந்தது. வெண்டிலேட்டர் குழாயில் இளஞ்சிவப்பு நுரை ஏறி வரும், உறிஞ்சி எடுப்போம், திரும்ப வரும். அவரைக் குப்புறப் போட ஐந்து பேர் வேண்டும். ஒருவர் தலையையும் குழாயையும் பிடித்து எண்ண, மற்ற நாலு பேர் ஒரே மூச்சில் திருப்புவோம். பதினாறு மணி நேரம் அப்படியே. முகம் வீங்கும், கன்னத்தில் தலையணை அச்சு விழும். திருப்பிய பத்து நிமிடத்தில் ஆக்சிஜன் 78-இல் இருந்து 86-க்கு ஏறியபோது நாங்கள் ஐந்து பேரும் மானிட்டரையே பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றோம். அவர் பிழைத்தார், இருபத்தேழு நாள் ஆனது. அவருக்கு வந்தது மனிதருக்குப் பழகிய வைரஸ், அதற்கே இந்தப் பாடு.

கோழிப் பண்ணையையே இரண்டு நாளில் காலி செய்கிற வைரஸ் வகைக்கு இன்னொரு பலம் உண்டு. எச் புரதம் உருவாகும்போது ஒரே துண்டாக இருக்கும். அதை ஒரு இடத்தில் வெட்டினால்தான் வேலை செய்யும். வைரஸிடம் கத்தரி கிடையாது, உடம்பின் கத்தரியைத்தான் அது நம்பியிருக்கிறது. சாதாரண ஃப்ளூவை வெட்டுகிற நொதி மூச்சுப் பாதையிலும் குடலிலும்தான் கிடைக்கும், அதனால் வைரஸும் அங்கேயே கட்டுப்பட்டுக் கிடக்கும். எச் புரதத்தில் பல வகை உண்டு; அதில் எச்5, எச்7-இல் சில கொடிய வகைகளுக்கு வெட்டுகிற இடத்தில் கூடுதலாகச் சில அமினோ அமிலங்கள் சேர்ந்துவிட்டன. அவற்றை ஃபியூரின் என்ற நொதி வெட்டும். ஃபியூரின் உடம்பில் ஏறக்குறைய எல்லாச் செல்லிலும் உண்டு. கோழிக்கு மூளை, இதயம், கல்லீரல் எல்லாம் ஒன்றாகப் போவது இதனால்தான்.

மனிதரிலும் இந்த வைரஸ் சில சமயம் நுரையீரலைத் தாண்டுகிறது. 2004-இல் தெற்கு வியட்நாமில் நாலு வயதுப் பையன் ஒருவன் கடும் வயிற்றுப்போக்கோடு வந்து, வலிப்பு வந்து, நினைவிழந்து இறந்தான். ஆரம்பத்தில் மூச்சுக் கோளாறே தெரியவில்லை. பிறகு அவனுடைய மூளைத் தண்டுவட நீரிலும் ரத்தத்திலும் மலத்திலும் எச்5என்1 இருந்தது தெரிந்தது. அவனுடைய அக்காவும் இரண்டு வாரத்துக்கு முன்னால் அதே மாதிரி இறந்திருந்தாள். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வயிற்றுப்போக்கோடு வருகிற பிள்ளையிடம் யார் கோழியைப் பற்றிக் கேட்பார்கள்?

ஆனாலும் எல்லாப் பழியையும் ஃபியூரின் மேல் போட முடியாது. சீனாவில் 2013-இல் தொடங்கிய எச்7என்9 கோழிகளை நோயாளியாகக்கூட ஆக்கவில்லை, சந்தைக் கோழிகள் நன்றாக இரை பொறுக்கிக்கொண்டிருந்தன. அந்தக் கூடுதல் வெட்டுவாய் ஆரம்பத்தில் அதற்குக் கிடையாது. அப்படியும் 1,500-க்கும் மேற்பட்டவர்களுக்கு வந்து 600-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அடி நுரையீரலைப் பிடிப்பது ஒன்றே போதும் என்பதற்கு அது சாட்சி.

வெப்பமும் நமக்கு ஒரு காவல். பறவையின் உடம்பு 41, 42 டிகிரி. நம் மூக்கின் உள்பக்கம் 33 டிகிரி சுமாருக்குத்தான் இருக்கும். பறவை வைரஸுக்கு அந்தக் குளிரில் பெருகச் சிரமம். வைரஸின் பிபி2 என்ற புரதத்தில் 627-ஆவது இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினால் அந்தச் சிரமம் பெரும்பாலும் போய்விடும். நோயாளியின் உடம்புக்குள்ளேயே இந்த மாற்றம் நடப்பதைப் பலமுறை கண்டிருக்கிறார்கள். ஒரு மனிதருக்குத் தொற்றுவதுகூட உலகம் கவனிக்க வேண்டிய விஷயம் என்று சொல்வதற்கு இது முக்கியமான காரணம்.

அப்புறம் நம் உடம்பின் எதிர்ப்பு. “வைரஸ் கொல்லவில்லை, எதிர்ப்புச் சக்தியே கொல்கிறது” என்று வாட்ஸ்அப்பில் சுற்றும். பாதி உண்மை. வியட்நாமில் 18 எச்5என்1 நோயாளிகளைப் பார்த்த ஆய்வு 2006-இல் வந்தது. இறந்தவர்களிடம் சைட்டோகைன் எனும் அழற்சிப் பொருட்கள் மிக அதிகம், அது சரி. அவர்களிடம்தான் தொண்டையில் வைரஸும் மிக அதிகம், ரத்தத்திலும் வைரஸ் இருந்தது. வைரஸ் பெருகப் பெருகத்தான் அந்த அழற்சிப் புயலும் பெரிதாகிறது. புயலை மட்டும் அடக்கி வைரஸை விட்டால் பிழைக்க முடியாது. வைரஸை முதலிலேயே அடக்க வேண்டும். அதற்கு ஒசெல்டாமிவிர் என்ற மருந்து இருக்கிறது. காய்ச்சல் தொடங்கி இரண்டு நாளுக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும், தாமதமானாலும் கொடுப்பார்கள்.

எங்கள் வீட்டுக் கொல்லைக்கே திரும்புகிறேன். 2016-இல் சயின்ஸ் என்ற அறிவியல் இதழில் வந்த ஓர் ஆய்வு சொன்னது: ஒருவர் பிள்ளையாக இருக்கும்போது முதலில் எந்த ஃப்ளூ வந்ததோ அதன் நினைவு உடம்பில் ஆயுசுக்கும் இருக்கிறது. 1968-க்கு முன் பிறந்தவர்கள் முதலில் பார்த்தது பெரும்பாலும் எச்1 அல்லது எச்2. அவை எச்5-இன் பங்காளி வகைகள், அதனால் எச்5-க்கு எதிராக ஓரளவு காப்பு. அதற்கப்புறம் பிறந்தவர்களில் நிறையப் பேர் முதலில் பார்த்தது எச்3, அது எச்7-இன் பங்காளி. எச்5என்1 இளையவர்களையும் எச்7என்9 வயதானவர்களையும் அதிகம் தாக்கியதற்கு இது விளக்கம் தருகிறது. அம்மா பிறந்தது 1959. கையில் கத்தியோடு இருந்த அவளைவிட, பக்கத்தில் இறகு பொறுக்கிய பிள்ளைதான் காப்பு குறைந்தவளாக இருந்திருக்கலாம். 1997-இல் ஹாங்காங்கில் 18 பேருக்கு வந்து 6 பேர் இறந்தபோது முதலில் போனது மூன்று வயதுப் பையன். 2021-இல் டெல்லியில் இறந்த ஹரியானா சிறுவன்தான் இந்தியாவில் பதிவான முதல் எச்5என்1 மரணம். 2025 மார்ச்சில் ஆந்திராவின் பல்நாடு மாவட்டத்தில் ஒரு இரண்டு வயதுப் பெண் குழந்தை.

இவ்வளவும் படித்துவிட்டு யாராவது கொக்கையும் நாரையையும் விரட்டக் கிளம்பிவிடக் கூடாது. வேட்டங்குடி சரணாலயத்துப் பறவைகள் பயப்படும் என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் நமக்குப் பக்கத்து ஊர். காட்டு வாத்துகள் காலங்காலமாக இந்த வைரஸ்களைக் குடலில் சுமந்து திரிந்தவைதான். ஆனால் இப்போது உலகம் சுற்றுகிற கொடிய எச்5என்1-இன் வம்சம் 1996-இல் சீனாவின் குவாங்டாங்கில் வளர்ப்புப் பெருவாத்தில் (கூஸ்) கண்டெடுக்கப்பட்டது. நெருக்கியடித்த பண்ணையில்தான் வைரஸ் கூர்மையாகிறது, பிறகு அதே வைரஸ் காட்டுப் பறவைகளையும் கொன்று குவிக்கிறது.

அன்றைக்கு அம்மாவோடு சண்டை போட்டுத்தான் மீதிக் கோழிகளைப் புதைத்தோம். முகத்தில் துணி கட்டி, கையில் பாலித்தீன் பை மாட்டி, முருங்கைக்குத் தள்ளி ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு மூடினேன். ஊரில் பெரும்பாலும் கருவேலங்காட்டில் வீசுவார்கள், இல்லையென்றால் கண்மாயில். நாயும் காக்கையும் இழுத்துக்கொண்டு திரியும். அம்மா அழவில்லை, ஆனால் ராத்திரி சாப்பிடவில்லை. ஐந்து கோழி என்றால் மூவாயிரம் ரூபாய், அவளுடைய சொந்தக் காசு, யாரிடமும் கேட்காமல் செலவழிக்கிற காசு. நோய் உறுதியாகி அரசு அழிக்கிற கோழிக்குத்தான் ஈட்டுத்தொகை உண்டு, தானாகச் செத்ததற்குக் கிடையாது. இப்படி இருந்தால் எந்தப் பெண் தகவல் சொல்ல வருவாள்? இந்த விதியை மாற்ற வேண்டும் என்று எனக்குப் படுகிறது. பத்து நாள் அம்மாவுக்கும் பிள்ளைக்கும் இரண்டு வேளையும் காய்ச்சல் பார்க்கச் சொன்னேன். கழிச்சல் என்று முடிவு வந்த பிறகுதான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

டாக்டர்களிடம் பேசி எங்கள் ஐ.சி.யூ. அட்மிஷன் தாளில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: ‘கடந்த இரண்டு வாரத்தில் கோழி, வாத்து, சேவல் செத்ததா? தொட்டீர்களா, அறுத்தீர்களா, இறகு பிடுங்கினீர்களா?’ கேட்காமல் யாரும் சொல்ல மாட்டார்கள். கோழி செத்ததற்கும் தனக்கு மூச்சு முட்டுவதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று அவர்களுக்கு ஏன் தோன்ற வேண்டும்? சேவல்கட்டுக்குப் போகிறவர்களிடம் தனியாகக் கேட்கிறேன். சண்டையில் அடிபட்ட சேவலை மடியில் வைத்து, வாயால் தண்ணீர் ஊதி, முகத்தோடு முகம் வைத்துத் தேற்றுவார்கள்.

ஆனியில் பேரையூர் பக்கத்தில் இருந்து நாற்பது வயதுக்காரர் ஒருவர் நிமோனியாவோடு வந்தார். அவருடைய மனைவியிடம் அந்த வரியைக் கேட்டேன். “ஆமாங்க, நாலு கோழி செத்துச்சு. ஒண்ண இவருதான் உரிச்சாரு” என்றார். டாக்டர் அன்றைக்கே ஒசெல்டாமிவிர் தொடங்கினார், தனி அறைக்கு மாற்றினோம். தொண்டை மாதிரியோடு நிறுத்தாமல், குழாய் வழியாக அடி நுரையீரலில் இருந்தும் சளி எடுத்து அனுப்பினோம், ஏனென்றால் இந்த வைரஸ் இருந்தால் அங்கேதான் இருக்கும். சாதாரண ஃப்ளூ என்று முடிவு வந்தது. பன்னிரண்டாம் நாள் நடந்து வெளியே போனார்.

போகும்போது அவர் மனைவி மட்டும் வாசலில் நின்று திரும்பி வந்தார். “மீதி ரெண்டு கோழி கெடக்கு சிஸ்டர். அதுல ஒண்ணு நேத்துலேருந்து தூங்கி விழுதாம், பக்கத்து வீட்டுல போன் பண்ணாக. என்ன செய்ய?”

டிஸ்சார்ஜ் தாளின் பின்பக்கம் 1962 என்று கால்நடை ஆம்புலன்ஸ் நம்பரை எழுதிக் கொடுத்தேன். நான் வரும்வரைக்கும் தொடாதே என்று அந்தப் பக்கத்து வீட்டுக்கு இங்கிருந்தே போன் போட்டார்.